மூச்சு தடைபட்டுப் பிறந்த சிசுவுக்குப் பாலாடை எப்போது?

தொப்புள்கொடி அழுந்துவதாலோ, நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்னதாகவே பிரிந்துவிடுவதாலோ பிறப்பின்போது மூளைக்கு இரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோன சிசு, தாயின் மார்பில் வைத்தும் உறிஞ்சாமல் கிடப்பதைப் பசியின்மை என்று கொள்வது பிழையாகும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒரே தாளத்தில் இணைப்பது மூளையையும் தண்டுவடத்தையும் சேர்க்கும் மூளைத்தண்டு. அந்த இணக்கமே கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகிறது என்பதால், மூளை அடிபட்டால் முதலில் குலைவனவற்றுள் அதுவும் ஒன்று.

பாதிப்பை மூன்று படிகளாக 1976இல் வகுத்த சார்நாட் தம்பதியர், உறிஞ்சும் திறனையும் ஓர் அளவுகோலாகக் கொண்டனர்: முதற்படியில் அது தளர்ந்திருக்கும், இரண்டாம் படியில் மேலும் குன்றும் அல்லது இராது, மூன்றாம் படியில் அறவே இராது. இரண்டாம் படி ஐந்து நாளுக்குள் விலகிய குழந்தைகள் பெரும்பாலும் இயல்பாகத் தேறியதையும், ஏழு நாளைக் கடந்தவர்களிடம் குறைபாடு தங்கியதையும் அவர்கள் கண்டனர்.

சிசுவின் உடல்வெப்பத்தை, பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி செல்சியசில் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சை மேலை நாடுகளில் நிலைபெற்றுவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 50 சிசுக்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, குளிர்விக்கப்பட்டவர்களின் மூளைப் படங்களில் சேதம் குறைந்திருந்ததாகக் காட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியும் பங்கேற்க, இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 சிசுக்களிடம் நடந்து 2021இல் வெளியான ஹீலிக்ஸ் ஆய்விலோ, குளிர்விக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். எனவே குளிர்விப்பை நம் ஊர்களில் எல்லா இடத்திலும் செய்யலாம் என்பதற்கு இன்று போதிய ஆதாரம் இல்லை. முதல் வாரக் கவனிப்பே, அதிலும் பாலூட்டலே, குடும்பத்தின் கையில் எஞ்சியிருப்பது.

விழுங்கும் திறன் திரும்பும்வரை, பீய்ச்சிய தாய்ப்பாலை மூக்கு அல்லது வாய்வழியாக இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் ஊட்டுகின்றனர். தாய் இரவிலும் விடாமல் பீய்ச்சினால்தான் சுரப்பு வற்றாது. அடுத்த படியாகப் பல மருத்துவமனைகளில் வருவது, தமிழ்ப் பெயருடனேயே இந்திய சிசுப் பிரிவுகள் ஏற்றுக்கொண்ட பாலாடை எனும் சிறு ஊட்டுகலம். ஆனால் தானே உறிஞ்சாத குழந்தைக்கு வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் சங்கில் ஊற்றும் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கக்கூடும். பாதிப்புற்ற குழந்தைகள் சிலர் இருமாமலேயே பாலை மூச்சுக்குழலில் இழுத்துக்கொள்வதால், பார்ப்பவருக்கு அது தெரிவதும் இல்லை.

ஆகவே மருத்துவர் விழுங்குதலைச் சோதித்துச் சொல்லும்வரை சங்கையும் பாலாடையையும் எடுக்க வேண்டாம். வீடு திரும்பிய பிறகும் பாலூட்டும்போது உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு இரைத்தாலோ, ஊட்டுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.