பெடலுக்கும் பட்டர்பிளைக்கும் நடுவே ஒரு கம்பி

ஆழ்வார்திருநகரியில் ஆதிநாதரையும் உறங்காப்புளியையும் சேவித்துவிட்டு, தாமிரபரணியின் இரு கரைகளிலுமாக அமைந்த நவதிருப்பதிகளில் மற்ற எட்டையும் ஒரே பகலில் முடித்துவிட வேண்டும் என்ற சங்கற்பத்தோடு புறப்படுகிற யாத்திரிகர் குடும்பங்களை, ஸ்ரீவைகுண்டத்துக்கும் பெருங்குளத்துக்கும் தென்திருப்பேரைக்குமாக நெடுங்காலம் சுமந்து திரிந்தவை அம்பாசிடர் வாடகைக் கார்கள். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1957-இல் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் தேகம், அதன் இருதயத்தைக் காட்டிலும் தீர்க்காயுள் கொண்டது. ஆகவே பழைய 1489 சி.சி. என்ஜின் தளர்ந்த பிறகு, அதை இறக்கிவிட்டு, தொண்ணூறுகளில் வந்த 1817 சி.சி. இசுஸு என்ஜினையோ ஒரு டீசல் என்ஜினையோ ஏற்றிக்கொள்வது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வழக்கமாயிற்று. (அப்படி மாற்றுகிறவர்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மறக்கலாகாது, ஆர்.சி. புத்தகத்தில் ஓர் என்ஜினும் பானெட்டுக்குள் வேறோர் என்ஜினுமாக வண்டி ஓட்டுவது குற்றம்.)

என்ஜினைத் தூக்கி உட்கார வைப்பதும், கியர் பாக்ஸைக் கூட்டுவதும், ரேடியேட்டர் குழாய்களைத் திருப்புவதும் எல்லாருடைய கண்ணுக்கும் பெரிய காரியமாகத் தெரிகின்றன. ஓட்டுகிறவருடைய பாதம் அந்தப் புது என்ஜினோடு பேசுவதற்கு இருக்கும் ஒரே வழியான ஆக்சிலேட்டர் கேபிளையோ, கடைசி நாள் சாயங்காலத்தில், கையில் அகப்பட்ட கிளாம்ப்பைக் கொண்டு மாட்டிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், "அண்ணாச்சி, ஊருக்குள்ள நல்லாத்தான் போகுது, மெயின் ரோட்டுல மிதிச்சா இழுக்கவே மாட்டேங்கு" என்று ஒரு டிரைவர் முறையிட்டபோது, மூத்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவே இல்லை. என்ஜினை நிறுத்தச் சொல்லி, ஏர் பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பையனைப் பெடலை முழுவதும் அழுத்தச் சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தார். காற்று வாசலை முழுவதும் திறந்து செங்குத்தாக நிற்க வேண்டிய பட்டர்பிளைத் தகடு பாதி வழியில் சாய்ந்து நின்றது.

இதிலுள்ள கணிதம் பள்ளிக்கூடத்துக் கணிதந்தான். கேபிள் சுற்றிவரும் வில்லையின் ஆரம் 25 மில்லிமீட்டர் என்றும், தகடு ஏறக்குறைய 80 பாகை திரும்ப வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், கேபிள் 35 மில்லிமீட்டர் இழுபட்டாக வேண்டும். பழைய வண்டியின் பெடல் கை 25 மில்லிமீட்டர்தான் இழுக்குமானால் தகடு 57 பாகையில் நின்றுவிடும். அப்போது திறக்கும் வாசல், முழுவதும் திறந்தால் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். மெதுவாகச் சுழலும் என்ஜினுக்குத் தேவையான காற்று கொஞ்சமாகையால் ஊருக்குள் இந்தக் குறை தெரிவதில்லை. சுழற்சி ஏறும்போதுதான் மூச்சு முட்டுகிறது. பாவம், பழி என்ஜின் மேல் விழுகிறது!

பரிகாரம் எளிது. பெடல் கையில், அச்சிலிருந்து 50 மில்லிமீட்டரில் உள்ள துளைக்குப் பதிலாக 70 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டால் 35 மில்லிமீட்டர் கிடைத்துவிடும். ஆனால் நெம்புகோல் எதையும் இனாமாகத் தருவதில்லை. பெடல் அதே விகிதத்தில் கனக்கும், பாதத்தின் சிறு அசைவும் தகட்டை முன்னைவிட அதிகமாகத் திருப்பும். வாழைத்தார் ஏற்றிய லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே ஊர்ந்து போக வேண்டிய வண்டிக்கு இது உபத்திரவம். ஏனெனில் குறைந்த வேகத்தில், மூடிய நிலையிலிருந்து முதல் சில பாகைகளிலேயே என்ஜினுக்கு வேண்டிய காற்றெல்லாம் வந்துவிடுவதால், கால் பட்டதும் வண்டி குதிக்கிறது. இதை நிவர்த்திக்கவே சில கார்களில் அந்த வில்லையை முழு வட்டமாகச் செய்யாமல், தொடக்கத்தில் ஆரம் பெரிதாகவும் போகப் போகச் சிறிதாகவும் இருக்கும்படி வடித்திருக்கிறார்கள். முதலில் தகடு நிதானமாகத் திறந்து, பிறகு விரைகிறது. லேத் பட்டறையில் இப்படியொன்றைக் கடைந்து வாங்குவது என் அபிப்பிராயத்தில் என்ஜின் விலையை விடப் பயனுள்ள செலவு.

கேபிளின் தத்துவத்துக்கு 1896-இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். சைக்கிள் பிரேக்கில் நாம் தினமும் காண்பதும் அதுவே. உள்ளே ஓடும் இன்னர் கம்பி இழுவிசையைத் தாங்க, சுருளாகச் சுற்றிய அவுட்டர் உறை அதே அளவு அழுத்தத்தைத் தாங்குகிறது. ஆகையால் அவுட்டரின் இரு முனைகளும், ஒன்று டிரைவருக்கு முன்னுள்ள தகட்டுச் சுவரிலும் மற்றொன்று என்ஜினிலேயே பதித்த பிராக்கெட்டிலுமாக, அசையாமல் ஊன்றியிருக்க வேண்டும். ரப்பர் மவுண்டுகளின் மேல் என்ஜின் குலுங்கும்போது உறையும் கூடவே வளைந்து கொடுப்பதால் தகட்டுக்கு அந்த ஆட்டம் எட்டுவதில்லை. விறைத்த இரும்புத் தண்டால் இணைத்தாலோ, ஒவ்வொரு குலுக்கலிலும் என்ஜின் தன்னைத்தானே மிதித்துக்கொள்ளும்.

ஆயினும் வளைவுக்கு ஒரு விலை உண்டு. தூத்துக்குடித் துறையில் தோணியின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒற்றை ஆள் பிடித்து நிறுத்துகிறாரே, அந்த உராய்வு விதிதான், ஆய்லரும் ஐடல்வைனும் வகுத்தது, கேபிளுக்குள்ளும் நடக்கிறது. உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், வளைவுகள் மொத்தம் 90 பாகை ஆகும்போது இழுவிசை 1.27 மடங்கும், 180 பாகை ஆகும்போது 1.6 மடங்கும் தேவைப்படும். கால் அதைச் சமாளிக்கும். திரும்பி இழுக்க வேண்டிய ஸ்பிரிங் சமாளிக்குமா என்பதே கேள்வி. சமாளிக்காவிட்டால் காலை எடுத்த பிறகும் வண்டி ரேஸ் ஆகும். ஆதலால் கேபிளை விசாலமான வளைவுகளில் கொண்டுபோய், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று மூடும்படி இரண்டு ஸ்பிரிங்குகள் போட்டு, பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட்டும் வைக்க வேண்டும். இல்லையேல் அவசரக் காலின் பலமெல்லாம் கேபிள் முனையிலுள்ள நிப்பிள் மேல் விழுந்து அதைப் பிய்த்துவிடும்.

புதிய கார்களில் கேபிளே கிடையாது. பெடலில் உள்ள உணர்விகள் மின் சைகை அனுப்ப, ஒரு சிறு மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. நமது பழைய வண்டிக்கு மின்சாரத்தால் வரும் விபத்து வேறு விதமானது. என்ஜின் மாற்றும் அவசரத்தில், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடி, என்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த மெல்லிய கம்பிக்குள் புகுந்துவிடும். கம்பி பழுத்து, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகி, இன்னரும் அவுட்டரும் ஒட்டிக்கொள்ளும். புது கேபிள் அடிக்கடி இறுகிப் போகிறது என்று கேபிளாகவே மாற்றிக்கொண்டிருப்பவர்கள், முதலில் அந்தப் பட்டையைத் தேடிப் பார்க்கட்டும்.