வீட்டுக்கு வந்த அச்சகம்

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது ‘தம்பிரான் வணக்கம்’. அது கொல்லத்தில் அச்சான ஆண்டு 1578. வங்க எழுத்துகள் வார்ப்பு அச்சில் ஏறி ஒரு நூலில் இடம்பெற்றது 1778-இல். ஹூக்ளி நகரில் அச்சான ஹால்ஹெட்டின் வங்க மொழி இலக்கணமே அந்நூல். இரண்டுக்கும் இடையே 200 ஆண்டுகள்! அன்று ஓர் அச்சகம் நிறுவ வேண்டுமாயின் சமயச் சபையோ கும்பெனி அரசோ துணை நிற்க வேண்டும். இன்றோ அச்சகம் சுருங்கி ஒரு மேசையின் மூலையில் வந்து அமர்ந்துவிட்டது. மாணவனும் அச்சக உரிமையாளன். ஓய்வுபெற்ற ஆசிரியரும் அச்சக உரிமையாளர்.

ஆனால் நண்பர்களே, அந்த அச்சகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோமா? அறியாமல் வாங்குகிறோம், அறியாமல் பழுதாக்குகிறோம், பழுதானபின் யாரோ ஒருவர் சொல்லும் விலையைக் கொடுக்கிறோம். பொறியின் உள்நடப்பைச் சிறிதளவேனும் அறிந்தவனுக்குப் பணமும் மிஞ்சும், மன அமைதியும் மிஞ்சும். இதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

ஊரும் ஈரமும்

நான் ஆய்வு மாணவனாக வாழ்ந்துவருவது கொல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் உள்ள சால்ட் லேக்கில். பெயரே சொல்லும், இஃது ஒரு காலத்தில் உப்பு நீர்ச் சதுப்பு நிலம். 1962-இல் தொடங்கிய பெருமுயற்சியால், ஹூக்ளி ஆற்றின் அடியில் கிடந்த வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, இந்நிலத்தை மேடாக்கினர். வங்கத்தின் முதலமைச்சராக இருந்து மறைந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் நினைவாகப் பிதான்நகர் என்னும் பெயரும் இதற்கு உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக் கழகத்தின் அச்சுப் பொறியியல் துறை இயங்குவதும் இந்த நகரில்தான். இதன் ஐந்தாவது செக்டரோ கணிப்பொறி நிறுவனங்கள் நிறைந்த பகுதி. ஆயினும் இங்குள்ள வீடுகளில் அச்சுப்பொறி படுத்தும் பாடு மற்ற ஊர்களைவிடக் குறைவன்று!

காரணம் என்ன? முதற் காரணம் காற்று. மழைக்காலத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய தாள் சுருளும். இரண்டு மூன்று தாள்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே செல்லும். பொறி திணறி நிற்கும். “பிரிண்டர் கெட்டுவிட்டது” என்று நாம் பொறியைத் திட்டுவோம். கெட்டது பொறி அன்று, தாளே! தாள் கட்டைப் பிரித்தபின் மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து, மூடியுள்ள பெட்டியில் வைத்தால் இத்தொல்லையிற் பெரும்பகுதி நீங்கும். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இவ்வுரை பொருந்தும்.

இருவகைப் பொறிகள்

வீட்டுக்கு ஏற்ற அச்சுப்பொறிகள் இரு வகைப்படும். ஒன்று இன்க்ஜெட், அதாவது மையைத் தெளிப்பது. மற்றொன்று லேசர், அதாவது பொடியை உருக்கி ஒட்டுவது.

இன்க்ஜெட் பொறியின் அச்சுத் தலையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சில பொறிகளில் ஒரு சிறு சூடேற்றி மையைக் கணநேரத்தில் கொதிக்கச் செய்யும். எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். வேறு சிலவற்றில் மின்சாரம் பட்டால் வளையும் படிகம் ஒன்று துளியைப் பிதுக்கித் தள்ளும். அத்துளியின் அளவைப் பிகோலிட்டரில் கூறுவர். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்கு செய்தால் அதில் ஒரு பங்கே ஒரு பிகோலிட்டர். என்னே நுட்பம்!

லேசர் பொறியின் வழி வேறு. 1938-இல் செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் மின்னேற்றத்தால் படி எடுக்கும் முறையைக் கண்டார். நாம் இன்று ‘ஜெராக்ஸ்’ என்று சொல்லும் கலை அதிலிருந்து பிறந்ததே. ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய காரி ஸ்டார்க்வெதர் அதனோடு லேசர் ஒளியை இணைத்து 1971-இல் லேசர் அச்சுப்பொறியை இயக்கிக் காட்டினார். உருளை ஒன்றின்மீது மின்னேற்றம் பரவியிருக்கும். லேசர் ஒளி பட்ட இடங்களில் அந்த ஏற்றம் மாறும். அவ்விடங்களில் டோனர் என்னும் கரும்பொடி ஒட்டிக்கொள்ளும். பொடி தாளுக்கு மாறியபின் ஏறத்தாழ 200 பாகை வெப்பம் அதனை உருக்கி அழுத்திவிடும்.

இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கும் உண்மையை நோக்குங்கள். மை நீர்மம், ஆதலால் காயும். டோனர் பொடி, ஆதலால் காய வழியில்லை. வீட்டுக்கு எதை வாங்குவது என்னும் வினாவுக்கு விடையின் பாதி இந்த இரு சொற்றொடர்களிலேயே உள்ளது.

எதை வாங்குவது?

கடையில் நாம் கேட்கும் முதற் கேள்வி, “விலை என்ன?” என்பது. கேட்க வேண்டிய முதற் கேள்வியோ நம்மை நாமே கேட்டுக்கொள்வது: “எத்தனை நாளுக்கு ஒருமுறை அச்சிடுவேன்?”

துர்கா பூசை விடுமுறையில் இங்குள்ள மாணவர் பலர் ஊருக்குப் போய்விடுவர். இல்லத்தாரும் பயணம் போவர். பொறி வாரக்கணக்கில் உறங்கும். ஈரக்காற்றுள்ள ஊரில் மை காயாது என்று எண்ணிவிடாதீர்கள். நுண்துளையின் வாயில் உள்ள மை சிறிது சிறிதாக நீரை இழந்து கெட்டியாகிவிடும். திரும்பி வந்து அச்சிட்டால் தாளில் வெள்ளைக் கோடுகள் விழும். நான் ‘மாசிமா’ என்று அழைக்கும் அண்டை வீட்டு மூதாட்டிக்கு நேர்ந்ததும் இதுவே. ஓய்வூதியம் பெறுவோர் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். பூசை முடிந்து அதற்குரிய படிவத்தை அச்சிட அமர்ந்தார். பாதி வரிகளைக் காணோம். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு தாள் அச்சாகாமையால், அடுத்த மாத ஊதியம் நின்றுவிடுமோ என்று அவர் நடுங்கினார். அச்சுத் தலையைத் துப்புரவு செய்யும் கட்டளை அப்பொறியிலேயே இருந்தது. அதனை இருமுறை இயக்கிச் சிறிது நேரம் பொறுத்திருந்து மறுபடி இயக்கியதும் எழுத்து தெளிந்தது. ஆனால் அக்கட்டளை ஒவ்வொரு முறையும் மையைக் குடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, என் கருத்து இது:

மாதத்துக்குப் பத்துத் தாளும் அச்சிடாதவர் பொறி வாங்கவே வேண்டாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையே அவருக்குச் சிக்கனம்.

எழுத்து மட்டும் அச்சிடுவோர், அதுவும் விட்டுவிட்டு அச்சிடுவோர், கறுப்பு வெள்ளை லேசர் பொறியை வாங்கலாம். ஆறு மாதம் உறங்கினாலும் அது விழித்தெழும்.

வண்ணமும் வேண்டும், வாரந்தோறும் அச்சிடுவோம் என்பவர் மைத்தொட்டி உள்ள இன்க்ஜெட்டை வாங்கலாம். புட்டியிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் இவ்வகைப் பொறியை எப்சன் நிறுவனம் 2010-இல் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் இவ்வழியில் வந்தன.

மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் இன்க்ஜெட்டை வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கார்ட்ரிட்ஜின் விலை 700 ரூபாய், அது அச்சிடுவது 100 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 7 ரூபாய்! 400 ரூபாய்ப் புட்டி 4,000 பக்கம் அச்சிடுமாயின் ஒரு பக்கத்துக்கு 10 காசு. பொறியின் விலையை ஒருமுறை கொடுக்கிறோம்; மையின் விலையை வாழ்நாளெல்லாம் கொடுக்கிறோம். எனினும் கார்ட்ரிட்ஜுக்கும் ஒரு நன்மை உண்டு. பல பொறிகளில் அச்சுத் தலை கார்ட்ரிட்ஜிலேயே அமைந்திருக்கும். அடைபட்டால் புதிய கார்ட்ரிட்ஜோடு புதிய தலையும் வந்துவிடும். மைத்தொட்டிப் பொறியிலோ தலை பொறியோடு சேர்ந்தது. அடைப்பு முற்றினால் செலவு மிகும்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்க்ஜெட்டைச் சுவர்ச் சுவிட்சில் அணைக்காதீர்கள். பொறியிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் அச்சுத் தலை தன் இடத்துக்குச் சென்று மூடிக்கொள்ளும்; விளக்கு அணைந்தபின் சுவிட்சை அணைக்கலாம். லேசர் பொறியைக் கணிப்பொறிக்குரிய சிறிய யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சூடேறும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தை அச்சிறு கருவி தாங்காது.

வேலை எங்கே நின்றது?

பொறி நன்றாயிருந்தும் அச்சு வராத நாள்கள் உண்டு. அப்போது பதறாமல், நாம் அனுப்பிய தாள் எந்த வழியே பயணம் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கணிப்பொறியிலிருந்து அது முதலில் ஒரு வரிசையில் சென்று நிற்கும். விண்டோஸில் இவ்வரிசையைக் காப்பவரின் பெயர் பிரிண்ட் ஸ்பூலர். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னாலுள்ளோர் என்ன செய்வர்? அதே நிலைதான். பழுதான ஒரு வேலை முன்னால் நின்றால் பின்னால் நூறுமுறை ‘பிரிண்ட்’ அழுத்தியும் பயனில்லை. வரிசை நீளுமேயன்றி நகராது. நின்ற வேலைகளை நீக்குங்கள். நீங்க மறுத்தால் ‘சர்வீசஸ்’ பகுதியில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். கணிப்பொறியையே அணைத்துத் தொடங்குவதும் பல வேளைகளில் இதே பயனைத் தரும்.

அடுத்த தடை வைஃபை வழியில். சித்திரை வைகாசியில் இங்கே ‘கால்பைசாகி’ என்னும் மாலைப் புயல் அடிக்கும், மின்சாரம் போகும். மின்சாரம் மீண்டதும் ரௌட்டர் புதிதாக எழுந்து, வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரிகளை மறுபடி பங்கிடும். அச்சுப்பொறிக்கு நேற்றிருந்த முகவரி இன்று இல்லாது போகலாம். கணிப்பொறியோ பழைய வீட்டின் கதவையே தட்டி, “ஆஃப்லைன்” என்று அறிவிக்கும். ரௌட்டரின் அமைப்பில் அச்சுப்பொறிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் இக்குறை தீரும். மற்றொன்று: வீட்டு அச்சுப்பொறிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் தேடினால் அவை அகப்படா.

எழுத்து கட்டமாவது ஏன்?

தமிழ் மன்றத்தார் அனைவரும் கண்ட துயரம் ஒன்று உண்டு. அறையில் அழகாகத் தோன்றிய தமிழ் அழைப்பிதழ், கடையில் அச்சிடும்போது வெறுங் கட்டங்களாகவோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ மாறிவிடும். தமிழகத்துக்கு வெளியே இது மிகுதி. இதற்கு இரு காரணங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அடியில் உள்ள ஆங்கில எழுத்தே எட்டிப் பார்க்கும். யூனிகோடில் தமிழுக்கெனத் தனி இருக்கை உண்டு. ஆயினும் அந்தக் கணிப்பொறியில் தமிழ் எழுத்துருவே இல்லையேல் கட்டம்தான் தோன்றும்.

இதற்கு மருந்து எளிது. யூனிகோடில் எழுதுங்கள், கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுசெல்லுங்கள். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பொதிந்து செல்லும். அப்போதும் அச்சில் எழுத்து சிதைந்தால், படமாக அச்சிடும் வசதியை அச்சிடும் சாளரத்தில் தேடுங்கள். ‘பிரிண்ட் அஸ் இமேஜ்’ என்பது அதன் பெயர்.

கடையிலிருந்து திரும்பிய பென்டிரைவில் கோப்புகள் மறைந்து, அவற்றின் பெயரில் ‘ஷார்ட்கட்’ மட்டும் தெரிந்தால் அதனைத் திறவாதீர்கள். அது நச்சு நிரலின் வேலையாக இருக்கக்கூடும். முதலில் நச்சுத் தடுப்பு நிரலால் சோதியுங்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்க மாட்டா, மறைக்கப்பட்டிருக்கும். ஆதார் அட்டைபோன்ற ஆவணங்களைக் கடைக் கணிப்பொறியில் விட்டு வராமல் அழித்துவிட்டு வருவதும் நம் கடமை.

அச்சத்தை விற்போர்

இறுதியாக ஒன்று. அச்சுப்பொறி நின்றதும் பலர் இணையத்தில் உதவி எண்ணைத் தேடுகின்றனர். அங்கே நிறுவனத்தின் பெயரைப் போர்த்திய போலிகள் காத்திருக்கின்றனர். “உங்கள் கணிப்பொறியில் கொடிய வைரஸ் உள்ளது, நாங்கள் சொல்லும் மென்பொருளை ஏற்றுங்கள்” என்பர். ஏற்றினால், நம் கணிப்பொறி அவர் கைக்குப் போய்விடும். பின்பு வங்கிக் கணக்கும் போகும். இவ்வாறு வெளிநாட்டினரை ஏமாற்றிய போலி அழைப்பு மையங்களைக் காவல் துறையினர் இதே சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில் பலமுறை பிடித்துள்ளனர். நேர்மையாக உழைக்கும் பல்லாயிரம் இளைஞர் நிறைந்த இடத்துக்கு இச்சிலரால் வந்த பழி அது!

அவர்களுடைய முதலீடு எது? நம் அறியாமை, அதிலிருந்து பிறக்கும் அச்சம். வரிசை அடைபட்டது, முகவரி மாறியது, மை காய்ந்தது, தாள் நனைந்தது என்று காரணம் அறிந்தவனிடம் வைரஸ் கதை செல்லாது. உதவி வேண்டுமாயின், பொறியோடு வந்த தாளில் அச்சிட்டுள்ள எண்ணையே அழையுங்கள். ஏமாந்துவிட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள். விரைந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

மாணவத் தோழர்களே! வரும் விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது, உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியோர் இல்லத்தில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பொறியைச் சரிசெய்வதோடு நின்றுவிடாதீர்கள். அது ஏன் நின்றது என்பதையும் அவர் மொழியில், அவர் கையாலேயே செய்யவைத்து, சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை அவர் அஞ்ச மாட்டார். அஞ்சாதவரை ஏமாற்றுவது அரிது.