கோதுமை ஆகாதவர்களுக்கு வீட்டு ரொட்டி



கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிலருடைய சிறுகுடலைப் பழுதாக்குகிறது. இதுவே சீலியாக் நோய். ஓயாத பேதி, இரத்தசோகை, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். கோதுமையே காரணம் என்பதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் விளக்கினார். வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே வைத்தியம்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் சோறு, இட்லி, கேழ்வரகுக்களி, கம்பங்கூழ் என்று நமக்குக் குறைவில்லை. ஆனாலும் பிள்ளை ரொட்டி கேட்டால் என்ன செய்வது?

குளூட்டன் இல்லாத ரொட்டிக்கலவை பொட்டலங்களில் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் அரிசி மாவு, மரவள்ளி மாவு, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின் இருக்கும். இம்மாவு இழுபடாது, பிசையவும் வேண்டாம். ஈஸ்டும் வெதுவெதுப்பான நீரும் சேர்த்துக் கெட்டியான இட்லி மாவுப் பதத்தில் கலக்கி, எண்ணெய் தடவிய டின்னில் ஊற்றி, ஒருமுறை பொங்கவிட்டுச் சுடவேண்டும். நன்றாக ஆறியபின் அறுக்கவேண்டும். சூட்டோடு அறுத்தால் பிசுபிசுக்கும்.

பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்ற அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது. ரவை, மைதா, பல சேமியா வகைகள் கோதுமையே. பெருங்காயத்திலும் மைதா கலப்பதுண்டு. மாவு மில்லில் கோதுமைக்குப் பின் அரைத்த கேழ்வரகும் ஆகாது. வீட்டில் சல்லடையும் டின்னும் தனியாக இருக்கட்டும். பொட்டலம் வாங்க இயலாத குடும்பத்திற்கு இட்லியும் புட்டும் போதும். தனிச் சல்லடை ஒன்று வாங்கிக்கொடுப்பதும் நல்ல உதவியே.

ஒன்று மறவாதீர்கள்: மருத்துவர் பரிசோதிக்குமுன் கோதுமையை நிறுத்திவிட்டால், இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு ரொட்டி.