பல்லிக்குத் துணை வேண்டாம்

உலகெங்கும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பல்லியினங்களுள் லெப்பர்ட் கெக்கோ, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களுக்கு உரியது. பியர்டெட் டிராகன் எனப்படும் தாடி ஓணானோ ஆஸ்திரேலிய உள்நாட்டுக்கு உரியது, நம் வேலியோர ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதைப் பார்ப்பதில்லை.

ஆண் பல்லிக்கு ஆண்குறி இரண்டு. கழிவும் முட்டையும் வெளியேறும் பொதுத் துளையாகிய கழிவாய்க்குப் பின்னால், வாலின் அடியில் அவை உள்ளடங்கிக் கிடப்பதால், வளர்ந்த ஆண் கெக்கோவுக்கு அவ்விடத்தில் இரு புடைப்புகள் தெரியும். கழிவாய்க்கு முன்னே, மெழுகு போன்ற பசையைச் சுரக்கும் நுண்துளைகள் கூரை முகடு போன்ற வரிசையில் தெளிவாக அமைந்திருக்கும். பெண்ணுக்கு இத்துளைகள் மங்கலாகவே இருக்கும். தாடி ஓணானின் வாலை மெல்ல உயர்த்தினால், ஆணுக்கு இருபுறமும் புடைப்பும் நடுவே பள்ளமும் காணப்படும். குஞ்சுகளில் இவ்வடையாளங்கள் நம்பத்தக்கவை அல்ல. ஆகவே குஞ்சைக் காட்டி ‘பெண்தான்’ என்று விற்பவர் சொல்வதை ஊகமாகவே கொள்ள வேண்டும்.

கெக்கோவின் பாலினத்தை முட்டை பெறும் வெப்பமே முடிவு செய்கிறது என்பதுதான் இதில் வியப்புக்குரியது: 26 டிகிரி செல்சியசில் பெரும்பாலும் பெண்களும், 32 முதல் 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களும், அதற்கும் மேலே சென்றால் மீண்டும் பெண்களும் பொரிகின்றன. தாடி ஓணானுக்குப் பாலினத்தை முடிவு செய்யும் நிறப்புரிகள் உண்டு. எனினும் முட்டைகள் 32 டிகிரிக்கு மேல் சூடேறினால், மரபால் ஆணாக வேண்டியவை பெண்ணாகப் பொரிவதுண்டு. இயற்கைச் சூழலிலும் இவ்வாறு நிகழ்வது 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் உறுதியாயிற்று.

ஆணா பெண்ணா என்பது சேர்த்து வளர்க்கும்போதுதான் முக்கியமாகிறது: இரண்டு ஆண்கள் ஒரே வளர்ப்புப் பெட்டியில் இருந்தால் சண்டை உறுதி. ஓர் ஆணோடு ஒரு பெண்ணை வைத்தால், அது ஓயாது துரத்தப்பட்டு, அடுத்தடுத்து முட்டையிட்டுச் சுண்ணாம்புச் சத்தை இழந்து நலியும். வெவ்வேறு இனங்களைச் சேர்ப்பது இதனினும் தீது: பகலில் ஏறத்தாழ 40 டிகிரிச் சூட்டில் குளிர்காயும் தாடி ஓணானுக்கு ஏற்ற பெட்டி, அந்தியில் வெளிவரும் கெக்கோவுக்கு உலைக்களம். பெரியது சிறியதைத் தின்னவும் கூடும். நலமாகத் தோன்றும் பல்லியின் எச்சத்தின் வழியே பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, கெக்கோவின் கொழுப்பு சேமிக்கும் வாலைக் குச்சியாக மெலியவைத்துக் கொல்லவல்லது.

விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரு தாடி ஓணான்களைப் பாசம் என்று கருதுவது மனிதக் கற்பனை. மேலே இருப்பது வெப்பத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. எனவே இரண்டாவது பல்லியை விரும்புவோர் முதலில் இரண்டாவது பெட்டியை வாங்கட்டும். அதற்கு இடமில்லையெனில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும்.