பசையில் ஒளிந்த யமன்

பாதரக்ஷையின் அடித்தோலை ஒட்டும் பசையில் உயிருக்கு என்ன அபாயம் என்று நேயர்கள் வினவலாம். துருக்கியின் இஸ்தான்புல் நகரிலே அப்பசையைக் கரைக்கப் பென்ஸீன் என்னும் திரவத்தைச் சேர்த்தார்கள். விரைவில் உலரும், வாசனையும் இனிது. காற்றோட்டமற்ற சிற்றறைகளில் அதன் ஆவியை நாள் முழுதும் சுவாசித்தவர்களுக்கோ, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையே கெட்டது. முதலில் சோகை தோன்றும். சிலருக்கு வருஷங்கள் சென்றபின் ரத்தப் புற்றுநோய்.

டாக்டர் முஸாபர் அக்ஸாயும் அவருடைய சகாக்களும் 1967 முதல் 1973 வரை இந்நோயோ இதன் முன்னிலையோ கண்ட 26 தொழிலாளரைப் பற்றி 1974-ல் எழுதினர். அந்நகரில் இத்தொழில் செய்தோர் ஏறக்குறைய 28,500 பேர். வருஷத்துக்கு லக்ஷம் பேரில் 13 என்றாகிறது; பொது ஜனங்களிடையே 6 தான். இருபத்தாறு சொற்பம் என்பார் கணக்குப்பிள்ளை. அவர் பசை வாளியருகே உட்காருகிறவர் அல்லர்.

விசனிக்கத்தக்க விஷயம் வேறு. பென்ஸீனால் இந்நோய் வந்த ஒருவரைப் பற்றிப் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் இருவர் 1928-லேயே எழுதியிருந்தனர். இஸ்தான்புல்லில் அப்பசை பரவியதோ அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின்! 1969 முதல் பென்ஸீனைப் படிப்படியாக விலக்கினார்கள். சில வருஷங்களில் புதிய நோயாளிகள் குறைந்தனர். பாதரக்ஷைகள் முன்போலவே ஒட்டின. வேறு பொருள் கிடைக்குமிடத்தில் பென்ஸீனை விலக்கவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1971-ல் உடன்படிக்கை வகுத்தது. நமது தேசம் அதனை ஏற்றது 1991-ல்.