மணமும் நினைவும்

1990 ஆம் ஆண்டு போரினால் மயிலிட்டியை விட்டகன்ற மக்களுக்கு அதன் துறைமுகம் மீளக் கிடைத்தது 2017 இல். இடையில் 27 ஆண்டுகள் கழிந்தன. எனினும் கருவாட்டு மணமொன்றே பழைய ஊரை முதியவர் நெஞ்சில் எழுப்பவல்லது. மணமறியும் நரம்புவழி மூளையின் நினைவுப் பகுதிகளுக்கு மிக அணித்தாகச் செல்வதே காரணம். ஆதலின், மணமறியும் ஆற்றல் குன்றுதல் மறதிநோயின் முன்னறிகுறியாகவும் அமையலாம்.

யப்பானியர் தம் மரபு மருத்துவமாகிய கம்போவில், தோக்கி சக்குயாக்கு சான் என்னும் 6 சரக்குகள் சேர்ந்த மருந்தைத் தடிமனுக்குப் பின் மணமிழந்தோர்க்கு வழங்குவர். நினைவுக் குறைவுக்கும் அதனை ஆராய்ந்துள்ளனர். பயன் இன்னும் உறுதிப்படவில்லை. நினைவாற்றலுக்கென நம்மவர் நாடுவது வல்லாரை. அதுவும் உணவுத் துணையேயன்றி முடிந்த மருந்தன்று. வல்லாரைச் சம்பலை விரும்பி உண்ணுங்கள். ஆயின், வீட்டு முதியவர்க்குக் காரணமின்றி மணம் தெரியாது போனால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாமதியாதீர்கள்.