டிரினிடாடுத் தீவில் ஒரு நாள்

தென் அமெரிக்காவின் வடகரைக்கு அண்மையில், வெனிசுவேலா நாட்டிலிருந்து ஏறத்தாழ 7 மைல் தொலைவில் அமைந்துள்ளது டிரினிடாடு என்னும் தீவு. 1498-ஆம் ஆண்டு இங்கு வந்த கொலம்பசு இதற்கு இப்பெயரை இட்டார். நெடுங்காலம் ஸ்பானியர் ஆட்சியிலும், 1797 முதல் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்த இத்தீவு, தன் துணைத் தீவாகிய டொபேகோவுடன் 1962-இல் விடுதலை பெற்றது. மேலைக் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, ஒரு வழிகாட்டியுடன் நாமும் இதனைச் சுற்றிப் பார்ப்போம்.

முதலிற் காண்பது லா பிரேயா என்னும் ஊரிலுள்ள கீல் ஏரி. ஏரி என்றதும் அலைவீசும் நீர்ப்பரப்பை எண்ணி வருவோர் ஏமாற்றமே அடைவர். யானைத் தோல்போல் கருத்துச் சுருங்கிய வெளி ஒன்று 100 ஏக்கர் அளவிற்குப் பரந்து கிடக்கும், அவ்வளவே. எனினும், வியப்பு அதன்மீது நடக்கும்பொழுதுதான் தோன்றும். மண்ணின் அடியிலுள்ள எண்ணெய், பிளவுகளின் வழியே மேலே கசிகின்றது. அதன் மெல்லிய பகுதி ஆவியாகிவிட, கனத்த நிலக்கீல் எஞ்சுகின்றது. தோண்டி எடுத்த பள்ளம் மெல்ல மெல்லத் தானே நிரம்பிவிடும். சில இடங்கள் கால் புதையுமளவு இளகியிருக்கும். ஆதலால் வழிகாட்டியின் அடிச்சுவட்டைவிட்டு விலகலாகாது. 1595-இல் வால்ட்டர் ராலே என்னும் ஆங்கிலேயர் இக்கீலைக் கொண்டே தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்தார்.

அடுத்து, வாட்டர்லூ என்னும் சிற்றூரை அடைவோம். இங்கே கடலுக்குள் ஒரு கோயில் நிற்கின்றது. இதன் வரலாற்றை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 1,44,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலும் சிலர் சென்னையிலும் கப்பல் ஏறினர்.

அம்மரபில் வந்த தோட்டத் தொழிலாளர் சிவதாஸ் சாது என்பவர், 1947-இல் கரையோரத்தில் ஒரு கோயில் கட்டினார். நிலமோ சர்க்கரை நிறுவனத்திற்கு உரியது. கோயிலை அகற்ற அவர் மறுத்தார், 14 நாள் சிறைத் தண்டனை பெற்றார், கோயிலும் இடிக்கப்பட்டது. நிலத்தில் இடமில்லையெனின் கடலில் கட்டுவோம் எனத் துணிந்தார் அவர். கல்லையும் சிமெண்டையும் மிதிவண்டியிற் சுமந்து சென்று, பல்லாண்டுகள் தனியொருவராய் உழைத்துக் கடலிடையே கோயிலை எழுப்பினார். அலைகளால் சிதைந்த அதனை 1995-இல் அரசினர் புதுப்பித்தனர். அவர் கண்டது எளிய கட்டடமே. இன்று காண்பதைவிட அதுவே பெரிதென்று தோன்றுகின்றது.

பொழுது சாயுமுன் கரோனி சதுப்பு நிலத்தை அடைதல் வேண்டும். தட்டையான படகுகள் கண்டல் மரங்களுக்கிடையே ஓடும் கால்வாய்களில் மெல்லச் செல்லும். கிளைகளிற் சுருண்டு கிடக்கும் பாம்பைப் படகோட்டி காட்டுவார். நமக்கு அது எளிதில் புலப்படாது. திறந்த நீர்ப்பரப்பை எய்தியதும் பொறி நிறுத்தப்படும்.

சிறிது நேரத்தில், செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டங் கூட்டமாக வந்து மரங்களில் அடையும். இளங்குஞ்சுகள் பழுப்பு நிறத்தன. நண்டும் இறாலும் உண்டு வளர வளரச் சிவப்பு ஏறும். நாட்டுப் பறவையாகிய இதனையும் இறைச்சிக்காகக் கொன்றோர் உண்டு. ஆகவே, 2018-இல் அரசு இதனைத் தனிப் பாதுகாப்பிற்குரிய இனமாக அறிவித்து, வேட்டையாடுவோர்க்கு உரிய தண்டனையைக் கடுமையாக்கியது. பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டுப் படகுகள் நெடுந்தொலைவிலேயே நின்றுவிடுகின்றன. இருள் பரவும் வரையில் அப்பசிய மரங்கள் செம்மலர் பூத்தவைபோலக் காட்சி தரும்.